போத்தல் வாய் கட்டும் ஹாஜறா

மூக்கைப் போத்தலின் வாயில் வைத்து, கண்ணை மூடி, ஒருதரம் ஆழ உறிஞ்சுகிறார் ஹாஜறா ராத்தா. பிறகு போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, அதை விற்க வந்திருக்கும் அச்சிமுகம்மதுவை ஏறிட்டுப் பார்க்கிறார்.

"இதுக்குள்ள என்ன இருந்த?"

"மருந்து, ராத்தா. இருமல் மருந்து."

"ஓம். குடிச்சவன் இன்னம் சாராயத் தவறணை வாசல்ல இருமிக்கிட்டுக் கிடப்பான்."

ஆனால் வாங்காமல் விடமாட்டார். சாராயப் போத்தலைப் போலக் கண்ணாடி தடித்த, கழுத்து ஒடுங்கிய போத்தல் சாய்ந்தமருதில் வேறெங்கும் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். லேபலை ஊறவைத்து உரித்து, கடற்கரை மணலும் சாம்பலும் போட்டுக் குலுக்கி, ஏழு தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைக்கிறார். "ஏழு தண்ணி ஊத்தியாச்சு. இனி இது நம்மட ஆள்." அடிக் கண்ணாடியோடு வார்த்திருக்கும் சாராயக் கம்பனியின் ஆங்கில எழுத்துக்கள் மட்டும் எந்தத் தண்ணீருக்கும் போவதில்லை. "அடிய ஆர் மனே தூக்கிப் பாக்கிற?" என்பார்.

இந்த நாலைந்து வருடமாக ஊரில் பாதி வீட்டில் ஒருவர் சவுதியிலோ குவைத்திலோ இருக்கிறார். லீவில் வந்து திரும்புகிறவரின் சூட்கேசில், வெள்ளைச் சேர்ட்டுகளுக்கு நடுவில், தேசிக்காய் ஊறுகாயும் மாசிச் சம்பலும் நல்லெண்ணெயும் போகும். ஊறுகாய் போட எந்த வீட்டிலும் ஆள் உண்டு. ஊறுகாயும் சேர்ட்டும் ஒன்றையொன்று தொடாமல் கடல் கடக்க வைக்கத்தான் ஹாஜறா ராத்தாவிடம் போகவேண்டும்.

அவர் கட்டுவது ஐந்து கட்டு. முதலில் தக்கை. காலில் ஒருநாளும் போடாத புது ரப்பர் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, பொலித்தீனில் சுற்றி அடிப்பார். "செருப்பெண்டு சொன்னா ஒருத்தனும் வாயில வைக்கமாட்டான். ரப்பர் எண்டு சொல்லுங்க." அதன்மேல் இன்னொரு பொலித்தீன். அதற்குமேல் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். அதற்குமேல் சீலைத் துண்டு. கடைசியில் மருதமுனைத் தறிகளில் கைலிச் சாரன் நெய்து மிஞ்சும் நூல், தொடையில் வைத்து முறுக்கியது. நூலின் ஒரு தலைப்பைக் கால் பெருவிரலில் மாட்டி, மறு தலைப்பைப் பல்லில் கடித்து, கழுத்தைச் சுற்றி இழுத்து முடிச்சிட்டு, மெழுகுதிரியை உருக்கி ஊற்றினால் முடிந்தது. முடிச்சுப் போடும்போது யாராவது விரல் வைத்து உதவ வந்தால் கையில் அடிப்பார். "மத்த ஆள்ட விரல நம்பின முடிச்சு மத்த ஆள்ட முடிச்சு."

அவர் கட்டிய போத்தல் இதுவரை ஒழுகியதில்லை. திறக்க முடிந்ததும் குறைவு. குவைத்தில் ஒருத்தி கறிக் கத்தியை முறித்துவிட்டு, கடைசியில் போத்தலின் கழுத்தை உடைத்து ஊறுகாய் தின்றாளாம். அந்தக் கடிதம் வந்த கிழமை ராத்தா தெருவில் நடந்த நடையே வேறு.

ராத்தாவுக்கு வயது ஐம்பதுக்குக் கிட்ட. கணவர் மௌத்தாகி ஆறு வருடம். ஊர் வழக்கப்படி கல்வீட்டை மகள் நதீராவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, பின்பக்கத்து அறையில் போத்தல்களோடு இருக்கிறார். முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் மருமகன் மக்கீன் இருக்கிறார். றைஸ் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிப் பதினாறு மாதமாகிறது. நதீராவுக்கு இப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில்.

மாமி மருமகனுக்கு முன்னால் வருவதோ நேருக்கு நேர் கதைப்பதோ இங்கே வழக்கமில்லை. நடுவில் ஒரு கதவுத் திரை தொங்குகிறது. கலியாணமாகி மூன்று வருடத்தில் ராத்தா மக்கீனிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. போத்தல்களிடம் கதைப்பார், திரைக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி.

"இந்தப் போத்தல் நல்லம். நிமித்தி வெச்சா நிக்கிது. சில பேர் விடிய சுபஹுக்குச் சாய்ஞ்சா பின்னேரம் அசறுக்குத்தான் நிமிர்ற."

விறாந்தையில் றேடியோவின் சத்தம் கொஞ்சம் கூடும். அதுதான் மருமகனின் பதில்.

போன நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஜவுபர், திரும்பிப் போகுமுன் பின்வளவுக்கு வந்து சொன்னார்: "மாமி, என்ட அரபிக்கு ஒரு ட்ரைவர் வேணுமாம். மக்கீன் மச்சான்ட பேரச் சொல்லி வெச்சிரிக்கன். அந்த மனிசனுக்குத் தேனெண்டா உசிர். இங்கினியாகலப் பக்கத்துக் காட்டுத் தேன் ஒரு போத்தல் கொண்டு போய்க் குடுத்திட்டு, விசாக் கதைய எடுப்பன்."

"அவருக்கு ஓடத் தெரியுமா?"

"மில் லொறி ஓடினவர்தானே மாமி."

"ஓடினத்த நான் காணல்ல. ஏறிப் படுத்திருந்தத்தக் கண்டிரிக்கன்."

ஆனால் தேனை அன்றைக்கே எடுப்பித்தார்.

தேனுக்கு அவரிடம் தனிச் சட்டம் உண்டு. காட்டுத் தேன் அடைத்து வைத்தால் பொங்கும். அதனால் தக்கையின் ஓரத்தில் ஓர் ஈர்க்கைச் செருகிவிட்டுக் கட்டி, மெழுகு இறுகியபின் ஈர்க்கை உருவிவிடுவார். மயிர் போகிற வழி மிஞ்சும். "தேன் மூச்சு விடோணும்." அப்படிக் கட்டிய தேனைப் படுக்கவைக்கக் கூடாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டும். விமானத்துக்கு அவர் தேன் கட்டுவதே இல்லை.

அன்று ஈர்க்கைச் செருகினார், உருவினார். மறுபடி செருகினார். ஒரு துளி கசிந்து ஜவுபரின் சேர்ட்டில் பட்டாலும், அரபியின் கையில் பிசுபிசுத்தாலும், விசா போய்விடும். மருமகன் சாய்மனையிலேயே முடிவாகிவிடுவார். ஈர்க்கை எடுத்துத் தூர எறிந்தார்.

"மூணு நாள்தானே. மூச்ச அடக்கிக்கிட்டுக் கிடக்கட்டும்."

ஐந்து கட்டு ஏழானது. கடைசி முடிச்சைக் கடித்து இழுத்தபோது முன்பல் ஒன்று நூலோடு வந்துவிட்டது. "போனாப் போகுது. பல்லுக்கு விசா தேவல்ல," என்று வாயைக் கொப்புளித்துவிட்டு மெழுகு ஊற்றினார்.

ஒன்றரை மாதத்தில் ஜவுபரின் கடிதம் வந்தது. அதே தெருவில் இருக்கும் நான், என் தம்பிக்கு அனுப்பும் ஊறுகாயோடு போயிருந்த நேரம். நதீரா வாசிக்க, ராத்தா நூல் முறுக்கிக்கொண்டே கேட்டார்.

விமான நிலையத்தில் இரண்டு பேர் போத்தலைத் திறக்கப் பார்த்து, நகம் நொந்து, களைத்து, "போ" என்று விட்டுவிட்டார்களாம். ராத்தாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அரபி வெளியூர் போயிருந்தாராம். தேன் பதினெட்டு நாள், தகரக் கூரை அறையில், ஜவுபரின் கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறது. பிறகு அரபி விருந்தாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் கையாலேயே, இடுப்புக் கத்தியை எடுத்து நூலை அறுத்திருக்கிறார். தக்கை முகட்டில் போய் இடித்தது. தேன் பின்னாலேயே போனது. பாதி முகட்டிலும் பாதி அரபியின் தாடியிலும். நுரைத்த தேனின் கள் வாசம் எல்லா மூக்கிலும் ஏறிய நேரத்தில், ஒரு விருந்தாளி போத்தலைத் தூக்கி அடியிலிருந்த எழுத்தை வாசித்துவிட்டார்.

நதீரா நிறுத்தினாள். ராத்தா கேட்டது ஒன்றுதான்.

"ஒழுகினதா?"

"ஒழுகல்ல உம்மா. வெடிச்ச."

"அப்ப ஒழுகல்ல."

மிச்சத்தையும் வாசித்தாள். அரபி கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் விசாக் கதையை எடுக்க விடவுமில்லை, வேலைக்கு வேறு ஒருவரைப் பிடித்துவிட்டார். ஜவுபர் இரண்டு நாளாக ஏணியில் நின்று முகட்டைக் கழுவுகிறார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து, இருமலாக மாறி, அடங்கியது. ராத்தா முறுக்கிய நூலைக் கீழே வைத்தார். அன்று அவர் ஒரு போத்தலும் கட்டவில்லை. என் ஊறுகாய் திறந்த வாயோடு வீடு திரும்பியது.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன், ஊறுகாயோடும், கொழும்புக்கு பஸ்ஸில் போகவேண்டிய ஒரு போத்தல் தேனோடும். தேனைத்தான் முதலில் எடுத்தார். தக்கை அடித்து, ஈர்க்கைச் செருகி, பொலித்தீனும் டியூபும் சீலையும் போட்டு, நூலைப் பல்லில் கடித்தார். பல் இருந்த இடம் காலி. நூல் நழுவியது. மறுபக்கத்துப் பல்லுக்கு மாற்றினார். நழுவியது. நான் கையை நீட்டினேன். "நீங்க சும்மா இரிங்க," என்றார். நதீரா கிளினிக்குக்குப் போயிருந்தாள்.

பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, திரையோரமாக உட்கார்ந்து, போத்தலின் கழுத்தைத் திரைக்கு அடியால் விறாந்தைப் பக்கம் மெல்லத் தள்ளினார். நூலின் இரண்டு தலைப்பும் இந்தப் பக்கம், அவர் கையில். நகத்தால் போத்தலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

றேடியோ நின்றது. சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. திரைக்கடியில் ஒரு சாரன் விளிம்பு வந்து குந்தியது. நூல்கள் குறுக்கிடும் இடத்தில் ஓர் ஆட்காட்டி விரல் வந்து, சரியான இடம்தானா என்று தயங்கி, அழுத்தியது.

ராத்தா இழுத்தார். முடிச்சு இறுகியபோது விரல் நூலுக்கு உள்ளேயே இருந்தது. மருமகன் அதை இழுத்துக்கொள்ளவில்லை. ராத்தா நூலை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.