உப்பைத் துடைத்தேன்

வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் அந்தப் பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பகீர் என்றது. உள்ளே கருநீலத் துணி, பன்னிரண்டு அடி நீளம். குறுக்கே நான்கு இடங்களில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கப்பலில் தண்ணீர் புகுந்த சரக்கு இப்படித்தான் வரும். சேதம் என்று எழுதினால் இறக்கிய எங்கள் தலையில்தான் விழும். அதனால் துடைத்துவிட்டுத்தான் யாருக்கும் காட்டுவோம். எட்டு வருடப் பழக்கம்.

"அண்ணே, நான் தொடைக்கவா?" என்றான் கூட இருந்தவன்.

"நீ கை வச்சா கிழிஞ்சிரும். தள்ளு."

ஈரத் துணியால் நானே துடைத்தேன். ஒரு உப்புத் தடம் சுத்தமாகப் போனது. அடுத்ததைத் தொடும்போது, அந்தத் துணியைக் கலைப்படைப்பாகச் செய்த ஓவியர் உள்ளே வந்து கத்தினார்.

லண்டனில் வாழும் கறுப்பினப் பெண் அவர். தன் முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கதையைத் துணியில் சொல்வது அவர் வேலை. ஒவ்வொரு தடமும் அவர்களை இறக்கிய ஒரு துறைமுகத்தின் கடல்நீர். தானே போய் அள்ளி, ஊற்றிக் காயவைத்தாராம். நான் துடைத்தது, அவர் குடும்பத்தில் முதன்முதலில் விற்கப்பட்டவளின் துறைமுகம். இரண்டு நாளில் கண்காட்சி.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் என்ன? 'கவனம்' என்று மட்டும் போட்டிருந்தது. எல்லாப் பெட்டியிலும்தான் போட்டிருக்கிறது.

"கப்பல்லயே அழிஞ்சிருச்சுன்னு சொல்லு. கலாஸ், அத்தோட முடிஞ்சிரும்," என்று என் காதில் சொன்னார் சத்தம் கேட்டு வந்த எங்கள் சூப்பர்வைசர்.

ஈரத் துணி என் கையில் இருக்கிறது. யார் நம்புவார்கள்? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான்தான் துடைத்தேன் என்றேன்.

"மேடத்துக்கு ஒரு பக்கெட் கடல்தண்ணி கொண்டாரச் சொல்லவா? ஜுமேரா பீச் பக்கந்தான்," என்றார் சூப்பர்வைசர்.

"சும்மா இருங்கண்ணே, மானம் போவுது."

ஓவியர் குனிந்து, ஈரமான இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும், துடைத்தவரின் கதையையும் சேர்க்கிறேன் என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினார். யார் கூட்டிவந்தார்கள், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். எனக்குக் கோபம் பொங்கியது.

"என்னை யாரும் விற்கவில்லை. டிக்கெட் எடுத்து நானாக வந்தேன். அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்."

"அப்படியானால் இந்த இடத்தைப் பற்றி என்ன சொல்வது?"

"சேதம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து ஒருவன் துடைத்தான். அவ்வளவுதான்."

அதையே எழுதிக்கொண்டார். கண்காட்சி அரங்கில் துணியை மாட்டியதும் நான்தான். அழிந்தது தெரியாதபடி விளக்கைத் திருப்பச் சொன்னார் சூப்பர்வைசர். ஏணியில் நின்று நேராக அழிந்த இடத்தின் மேலேயே திருப்பினேன். மற்ற மூன்று தடங்களும் மங்கின. நான் துடைத்த இடம் மட்டும் அப்பட்டமாக, வெறும் நீலமாகத் தெரிந்தது. இறங்கவும் பிடிக்கவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.