மாமரத்து உடம்பு, கூரியரில் வந்த கழுத்து

சித்தூரிலிருந்து திருப்பதி வரும் பஸ்ஸில் காக்கிச் சட்டை போட்ட யாராவது ஏறினால், மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் மட்டும் மேலே வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிடுவேன். உள்ளே டிபன் பாக்ஸும் ஒரு துண்டும்தான் இருக்கும். அந்தப் பையை யாரும் திறக்கச் சொன்னதில்லை, ஆனாலும் கை தானாகப் போகிறது. தமிழ் பேசிக்கொண்டு இந்த வழியில் போய்வரும் ஆம்பிளைகள் பலருக்கும் இப்படி ஒரு பழக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த மலைகளில் செம்மரம் இருக்கிறது. அதைத் திருட்டுத்தனமாக வெட்ட எங்கள் பக்கத்திலிருந்து ஆள் கூட்டிவந்த கதைகளும் இருக்கின்றன. மரத்தையே தொடாதவனுக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

பிழைப்புக்காக அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் வந்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளும் படிப்பார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். சொந்த ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கம். ரேணிகுண்டா அருகே குழாய் செய்யும் ஃபேக்டரியில் ஸ்டோரில் வேலை. என் மகள் தேன்மொழி திருப்பதியிலேயே பிறந்து, இங்கேயே படிக்கிறாள். வீட்டில் தேனு. அவளுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்த கதை இது.

செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் அவளுடைய கை. தேனுவுக்கு இடது கைப் பழக்கம். எங்கள் ஊரில் என் தங்கச்சிக்கும் அப்படித்தான் இருந்தது. சோறு துன்னும்போது இடது கை நீண்டால் அம்மா கரண்டியாலேயே தட்டும். தட்டித் தட்டியே அதை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் என் தங்கச்சி ஒரு பொருளை வாங்கும்போது எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு நொடி நிற்பாள். இங்கே வந்தால் இங்கேயும் அதேதான். கோயில் வரிசையில் தேனு இடது கையில் பிரசாதம் வாங்கப் போனால், பின்னால் நிற்கும் ஆள் தெலுங்கில் அதட்டுவார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம் இல்லை. நான் மட்டும் அவளை மாற்றக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

திருப்பதியில் கிட்டார் விற்கும் கடைகளில் எல்லாமே வலது கைக்காரர்களுக்கானவை. கவிழ்த்துப் பிடித்தால் பட்டன்கள் அவள் முழங்கையில் இடிக்கும். அவள் ஸ்கூல் ஆண்டு விழாவில் வாசிப்பதாகப் பேர் கொடுத்துவிட்டாள். கடைசியில், கழுத்தைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் வாங்கி வீட்டிலேயே பூட்டலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். நெக், பாடி என்று அவள் சொல்வாள். நான் கழுத்து, உடம்பு என்றே எழுதுகிறேன்.

கழுத்தை முதலில் வாங்கினோம். பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது. மேப்பிள் என்கிற வெளிநாட்டு மரம், வெளுப்பாக, வழவழவென்று இருந்தது. வலது கைக் கழுத்து சீக்கிரம் கிடைக்கும், கம்பியை மாற்றிக் கட்டினால் போதும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். தேனு ஒப்புக்கொள்ளவில்லை. வாசிக்கிறவர் குனிந்து பார்த்து இடம் தெரிந்துகொள்ளக் கழுத்தின் விளிம்பில் சின்னப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். வலது கைக் கழுத்தைத் திருப்பினால் அந்தப் புள்ளிகள் கீழே போய்விடும். "எல்லாத்துலயும் அட்ஜஸ்ட் பண்ணிக்கினுதான் இருக்கேன் நைனா, இதுலயாவது என் பக்கம் பார்த்து வாங்கு" என்றாள். மெலிசான கழுத்தாகவும் கேட்டாள், அவள் உள்ளங்கை சின்னது. மற்ற கழுத்துகளைவிட விலை கூடத்தான். ஆனால் அது வந்த அன்று, உடம்பே இல்லாத கழுத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

உடம்பில்தான் சிக்கினோம். ஆன்லைனில் கறுப்பில் ஒன்று வந்தது. கழுத்தின் அடிப்பாகம் உட்காரும் பள்ளத்தில் வைத்துப் பார்த்தால் ஆடியது. நான் குழாய் ஸ்டோரில் இருப்பவன். ஒரே அளவு என்று அச்சடித்திருந்தாலும் ஒரு கம்பெனி குழாய் இன்னொரு கம்பெனி இணைப்பில் சரியாக உட்காராது என்பது எனக்குத் தெரியும். அட்டையை வெட்டி இடையில் சொருகலாம் என்றேன். தேனு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த உடம்பைத் திருப்பி அனுப்பினோம்.

பிள்ளைகளே, நீங்கள் யாராவது செய்தால் இதை நினைவில் வையுங்கள்: கழுத்து கையில் இருந்தால், அதை வைத்துத்தான் உடம்பை அளக்கவேண்டும். கழுத்தின் மேல்முனையிலிருந்து, குறுக்கே பதித்த பன்னிரண்டாவது மெட்டு (ஃப்ரெட்) வரை எவ்வளவு நீளமோ, அங்கிருந்து ஏறக்குறைய அவ்வளவு நீளம் தாண்டித்தான் உடம்பில் கம்பி முடியும் இடம் வரவேண்டும். அது தவறினால் எவ்வளவு நல்ல மரமானாலும் சுதி சேராது.

என்னோடு முன்பு வேலை பார்த்த முனிரத்னம் இப்போது பங்காருபாளையத்தில் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து மரம் செதுக்கும் சி.என்.சி. மிஷின் வைத்து வாசக்கதவு செதுக்குகிறான். பழைய மாந்தோப்பு ஒன்றை வெட்டிப் புதுக் கன்று வைத்தபோது வாங்கிய பலகைகள் அவனிடம் காய்ந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தை எடுத்துக்கொண்டு நானும் தேனுவும் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த வலது கைப் படத்தை அவன் புரட்டிப் போட்டான்.

"இத்தினி நாளா ஏழுமலையானையே செதுக்கிக்கினு இருந்தேன். இதுக்கு முகம் எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்டான்.

"உங்க சாமிக்கும் எனக்கும் கை மட்டும்தான் வேற அங்கிள், முகம் இதே பக்கம்தான்."

"மாம்பழப் பெட்டி அடிக்கிற மரம் இது. பாட்டு வருமா?"

"வரலைன்னா மாம்பழம் போட்டு உங்களுக்கே அனுப்பிடறேன்."

மிஷின் உடம்பைச் செதுக்கி முடித்ததும் கழுத்தைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். ஆடாமல் உட்கார்ந்தது. அன்றைக்கு அதைத் தேய்க்கவும் சாயம் போடவும் விட்டுவிட்டு, அடுத்த வாரம் திரும்பப் போனோம். அவள் சிவப்புதான் கேட்டிருந்தாள். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் ஒரு சொட்டுச் சாயம்கூடப் படக்கூடாது, படிந்தால் பள்ளம் இறுகிக் கழுத்து உட்காராது என்று சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அது வேலையைப் பாதியில் விட்டது போலத்தான் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் ரத்தச் சிவப்பு, கழுத்து உட்காரும் இடத்தில் மட்டும் வெறும் மரம்.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் என் மனசு பஸ்ஸுக்குப் போய்விட்டது. உடம்பை ஒரு பழைய லுங்கியில் சுற்றி, கோணியில் போட்டுக் கயிறு கட்டினேன்.

"எதுக்கு நைனா பொணம் மாதிரி சுத்தற? கையில எடுத்துக்கினு போலாம், கிட்டார்னு பார்த்தாலே தெரியும்" என்றாள் தேனு.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

சந்திரகிரி வருவதற்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். காக்கிச் சட்டையில் இரண்டு பேர் ஏறினார்கள். நான் பழக்கப்படி கோணியை மடிக்கு எடுத்தேன். அது அவர்கள் கண்ணில் பட்டது. கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். கயிறு அவிழ, கோணி விலக, லுங்கிக்குள்ளிருந்து சிவப்பு வெளியே வந்தபோது, முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள்.

இருவரில் பெரியவர் என்னைப் பார்த்து, "மீதி ஏ ஊரு?" என்றார். உன் ஊர் எது என்கிறார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஃபேக்டரியில் நாள் முழுக்க அதில்தான் பேசுகிறேன். அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. "பள்ளிப்பட்டு சார்" என்று தமிழில் சொன்னேன். அவர் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, முன்பக்கச் சிவப்பில் வைத்தார். சுரண்டி மரத்தைப் பார்ப்பதற்கு. ஒரு கீறல் விழுந்தாலே அந்த முகம் போய்விடும், ஆழமாக விழுந்தால் உடம்பே போய்விடும். ஆண்டு விழாவுக்குள் இன்னொன்று செய்ய நாளில்லை.

தேனு கத்திக்கும் மரத்துக்கும் நடுவில் தன் கையை வைத்தாள். "மாதி திருப்பதி சார். நேனு புட்டிந்தி இக்கடே" என்றாள். நாங்கள் திருப்பதிதான், நான் பிறந்தது இங்கேதான் என்று. பிறகு உடம்பின் மேல்முனையை அவர் பக்கம் திருப்பி, சாயம் படாத அந்தப் பள்ளத்தைக் காட்டி, "இக்கட சூடண்டி" என்றாள், இங்கே பாருங்கள் என்று.

அவர் குனிந்து பார்த்தார். நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார். கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு மற்றவரிடம், "மாமிடி செக்க" என்றார். மாமரம். கத்தி உள்ளே போனது. அதற்குப் பிறகு என்னிடம் சுத்தமாக எங்கள் பக்கத்துத் தமிழில் பேசினார்.

"கையில புடிச்சுக்கினு வந்திருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்யா. எதுக்கு இப்பிடி மூடி மறைச்சு எடுத்துக்கினு வர்ற?"

பதிலை எதிர்பார்க்காமலே அவர் இறங்கிவிட்டார்.

பக்கத்து சீட்டு அம்மா, இதற்குக் கம்பி எங்கே என்று தெலுங்கில் கேட்டாள். தேனு விளக்கிக்கொண்டு வந்தாள். லுங்கியையும் கோணியையும் மடித்து என் காலடியில் போட்டுவிட்டு, உடம்பை மடியில் வெறுமனே வைத்துக்கொண்டாள். ஊர் நெருங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அவர் கேட்டப்ப ஏன் நைனா பள்ளிப்பட்டுனு சொன்ன?"

"அதான நம்ம ஊரு."

"எனக்கில்லையே" என்றாள். கோபமாக இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுவது மாதிரி.

வீட்டில் நாலு திருகாணி போட்டுக் கழுத்தையும் உடம்பையும் பூட்டினோம். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அந்த வெறும் இடம் இருப்பதே தெரியவில்லை, கழுத்து அதை மூடிவிட்டது. ஆண்டு விழாவில் வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி, திரும்பப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் ஊரில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அங்கே வந்து வாசிக்கச் சொன்னார்கள். முழுதாக எடுத்துப்போனால் பஸ்ஸில் இடிபடும் என்று கம்பியைத் தளர்த்தி, திருகாணியைக் கழற்றி, மறுபடியும் இரண்டாக்கினோம். எதிலும் சுற்றவில்லை. ஜன்னலோரம் தேனு உட்கார்ந்து கழுத்தை மடியில் வைத்துக்கொண்டாள், உடம்பு என் மடியில் இருந்தது. பள்ளிப்பட்டுக்கு ரெண்டு டிக்கெட் கேட்டேன்.

கண்டக்டர் கிழித்துக்கொண்டே, "ஏம்பா, ஊருக்கா?" என்றார்.

"ஆமா, ஊருக்கு" என்றேன் நான்.

"சுட்டாலிண்டிகி" என்றாள் தேனு அதே நேரத்தில். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு.

கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இரண்டு டிக்கெட்டையும் என் மடியில் இருந்த சிவப்பு மரத்தின் மேல் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.