அஞ்சாவது மூவ் பாக்கி இருக்கு

உப்பு யாவாரத்துல என்னை ஏமாத்தினவங்களை எல்லாம் மறந்துட்டேன். நாலே மூவுல என் ராஜாவை மடக்கிட்டு லாரி ஏறிப் போனியே, உன்னைத்தான் மறக்க முடியலை.

படிக்கிறவங்களே, உங்களையும் இப்படி ஒருத்தன் கவுத்திருப்பான், அதனால உங்ககிட்ட சொல்றேன். மூட்டை தூக்கி, உதைபட்டு, பேரம் கத்துக்கிட்டவன் நான். மரக்காணத்துல என்கிட்ட விலை குறைக்கிறது லேசு இல்லைன்னு பேரு. லோடு ஏறுற வரைக்கும் டிரைவருங்க பொழுது போக்க எடை மேடை ஷெட்டுல ஒரு செஸ் போர்டு கிடக்குது. என் பேரு கெட்டது அங்கதான்.

ராணி வந்த வழி

லாரிக்காரா, உன் ராஜாவுக்கு முன்னால இருந்த சிப்பாயை நகர்த்தினே. அடுத்து மந்திரி. மூணாவதா ராணியை ஓரத்துல கொண்டாந்து நிறுத்தினே. என்னையே மிரட்டுறியான்னு எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ராணியை விரட்ட குதிரையை ஏவினேன். என் ராஜாவைத் தவிர வேற காவலே இல்லாத சிப்பாய் ஒண்ணு அவருக்கு மூலைவாட்டுல நிக்கும். உன் ராணி அதை வெட்டிட்டு அங்கேயே உட்கார்ந்துச்சு. ராணியை வெட்டலாம்னா பின்னால மந்திரி முறைக்குது. லோடுமேனுங்க ‘ஓ’ன்னு கத்தினாங்க. நீ லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சொன்னே: “லோடு ஏறிடுச்சுண்ணே, வர்ட்டா?”

அதுலேருந்து விலை பேச வர்றவனெல்லாம், ‘நாலு மூவுல முடிச்சுடலாமாண்ணே?’ன்னு ஆரம்பிக்கிறான்.

ரெண்டே மூவ்

நாலுல முடியும்னா அதுக்கும் கம்மியில முடியுமா? எடை மேடை அந்தோணி முடியும்னான். ஆனா எதிராளி ஒத்துழைக்கணுமாம். கிளியனூர்லேருந்து புதுசா வந்த யாவாரி ஒருத்தர் ஒத்துழைச்சார். ராஜாவுக்கு மந்திரி இருக்கிற பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம், அதுக்கு அடுத்ததை ரெண்டு கட்டம் ஏத்தினார். ராஜாவோட வாசல் பப்பரப்பான்னு திறந்துக்கிச்சு. முதல் மூவுலயே ஒரு சிப்பாயை நகர்த்தி வழி விட்டிருந்தேன்; என் ராணி ஒரே ஓட்டம், செக்மேட்! நான் தொடையைத் தட்டினேன். அவர் பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டார்: “ஆட்டத்துல ஜெயிச்சுட்டீங்க, சந்தோஷம். உப்பை நான் வேற இடத்துல பாத்துக்கறேங்க.”

சொந்த ஆளுங்க

அப்புறம் பயந்து, ராஜாவை ஓரத்துல ஒதுக்கி, முன்னால மூணு சிப்பாயை அசையாம நிறுத்தி வெச்சேன். கோட்டை மாதிரி இருந்துச்சு. அந்தோணியோட யானை நேரா என் கடைசி வரிசைக்கு இறங்கிச்சு. ராஜா மேல ஏறலாம்னா மூணு பேரும் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. போர்டையே தூக்கி அடிக்கலாம்னு இருந்துச்சு. அந்தோணி சிரிக்கலை: “உன்னைக் கேக்காம அசையக் கூடாதுன்னு லோடுமேனுங்களை வெச்சிருக்கல்லண்ணே, அதே மாதிரிதான் இவங்களையும் வெச்சிருக்கே.”

குதிரை மேல கோவம்

உன் ஆட்டத்தை வீட்டுல பரப்பி வெச்சு, ஒவ்வொரு காயா மாத்திப் பார்த்தேன். விடை எவ்வளவு சின்னது தெரியுமா? குதிரையை ஏவாம, அதுக்கு முன்னால நிக்கிற சிப்பாயை ஒரு கட்டம் ஏத்தியிருந்தா போதும். ராணி பாய்ற வழியும் அடைஞ்சுடும், ராணியும் ஓடியாகணும். எகிறிக் குதிச்சேன். காயவெச்ச மிளகாயை அள்ளிக்கிட்டிருந்த என் பொண்டாட்டி ரீட்டா கேட்டா: “ஏங்க, இத்தனை நாளா கோவம் அந்த ஆள் மேலயா, இந்தக் குதிரை மேலயா?”

டீக்கடையில தெரிஞ்சது

போன வாரம் கீழ்புத்துப்பட்டு டீக்கடையில உன் லாரியைப் பார்த்து ஓடினேன். உள்ள வேற டிரைவர். நீ ரூட்டு மாறிட்டியாம். செஸ்ஸுல அவ்வளவு பெரிய ஆளான்னு உன்னைப் பத்தி விசாரிச்சேன். மனுஷன் டீ புரையேறச் சிரிச்சார்: “அவனுக்கு ஆட்டமே தெரியாதுங்க! அந்த நாலு மூவ்தான் தெரியும். அதுல முடியலைன்னா, ‘லோடு ஏறிடுச்சு’ன்னு கிளம்பிடுவான்.”

நாலு மூவ் தெரிஞ்சவன்கிட்ட தோத்துட்டு ஆட்டம் பூராவும் கத்துக்கிட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சிப்பாயை ஒரு கட்டம் ஏத்தி வெச்சுக் காத்திருக்கேன், ஆம்பளையா இருந்தா வந்து உட்கார்ந்து உனக்குத் தெரியாத அந்த அஞ்சாவது மூவை வெச்சுட்டுப் போடா!