பிள்ளை தூங்கிய இரவு

செல்லத்தாய்க்குப் பால் சுரந்த நேரமெல்லாம் அவள் ஆலைக்குள்தான் இருந்தாள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் அவளுக்கு வேலை. மார்பு கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நிற்பாள். பால் கொடுக்க நடுவில் ஒரு தடவை வெளியே விடச் சொல்லிக் கேட்டபோது, "இது மில்லா, மாட்டுக் கொட்டடியா?" என்றான் மேஸ்திரி. சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு ஆறுவதற்குள் அவள் திரும்பி வந்திருந்தாள். அவள் வராவிட்டால், அந்த இடத்துக்கு வாசலில் வேறொருத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே காங்கிரஸ் மந்திரிசபை வந்த மறு வருஷம் அது. மதுரை கரிமேட்டில் ஒரு வளவு. நடுவே ஒரு முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ஒரு வீட்டில் இருமினால் எல்லா வீட்டிலும் கேட்கும். அதில் ஓர் அறையில் செல்லத்தாயும், அவள் புருஷன் விருமாண்டியும், தங்கப்பொண்ணு என்று பேர் வைத்த கைக்குழந்தையும் இருந்தார்கள். விருமாண்டியும் அதே ஆலையில்தான், நூற்கும் எந்திரத்தில் வேலை பார்த்தான்.

பகலில் பிள்ளையைச் சுந்தரம்மாள் பார்த்துக்கொண்டாள். அந்த வளவிலேயே தனியாக இருந்த விதவை. ஆலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. நான்கைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் ஒருத்தி என்ன செய்வாள்? காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, பாலாடையை வாயில் வைத்து மடமடவென்று புகட்டுவாள். அது பாலை விழுங்கிய அளவுக்குக் காற்றையும் விழுங்கும். புகட்டியதும் அப்படியே பாயில் போட்டுவிட்டு அடுத்ததைத் தூக்குவாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்தது இரண்டே கைதான்.

பொழுது சாய்ந்ததும் தங்கப்பொண்ணு ஆரம்பித்துவிடும். வயிறு தட்டினால் சத்தம் கேட்கும்படி உப்பியிருக்கும். காலை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, முகம் கன்றிச் சிவந்து, மூச்சு அடைக்க அழும். செல்லத்தாய் வசம்பைச் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினாள். ஓமத் தண்ணீர் புகட்டினாள். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, வயிற்றில் போட்டுப் பார்த்தாள். எதற்கும் அழுகை நிற்கவில்லை.

"ஏய், அத வெளிய கொண்டி போ. நாளைக்கி நான் மிசின்ல தூங்கி விழுந்தா வெரலு போயிரும், தெரியுமா?" என்பான் விருமாண்டி.

அவன் சொன்னது பொய்யில்லை. பக்கத்து எந்திரத்துக்காரன் அப்படித்தான் இரண்டு விரலைக் கொடுத்திருந்தான். ஆனால் தூக்கம் தனக்கும் வேண்டும் என்று செல்லத்தாய் சொன்னதில்லை. சொல்லலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பெண் என்றால் ராத்திரி விழித்திருக்கப் பிறந்தவள் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது. அதை மட்டும் படிக்காதவர்களும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அதிகாலையில், முனிசிபல் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றபோது, பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் போட்டிருந்தாள். அதன் வயிறு அவள் தோள்மேட்டில் அழுந்தியிருந்தது. குடம் நகர நகர, சும்மா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். திடீரென்று பெரிய ஆள் மாதிரி ஒரு ஏப்பம் வந்தது. கொஞ்சம் பாலும் வழிந்தது. பிள்ளை தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போயிற்று.

செல்லத்தாய் அதை மறக்கவில்லை. அன்று சாயங்காலம் பால் கொடுத்ததும் படுக்கப் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஏப்பம் வந்தது. மறுநாளும் செய்தாள். வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே உடனே கிடத்திப் பார்த்தாள். அழுகை வந்தது. ஒன்றைச் செய்து பார்த்து, விட்டுப் பார்த்து, மறுபடி செய்து பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்வதற்குப் பேர் விஞ்ஞானம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு ஒரு தோள் வேண்டும். பகலெல்லாம் ஆலையில் நின்ற தோள் ராத்திரியில் பாதிக்கு மேல் தாங்காது. பசித்து விழிக்கும் ஒவ்வொரு முறையும் பால் கொடுத்து, தூக்கி, நடந்து, தட்டி, மெதுவாகக் கிடத்தவேண்டும். தூக்கக் கலக்கத்தில் அவளே இரண்டு தடவை சுவரில் மோதிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் நீங்க வச்சுக்கிட்டு நடங்களேன். ஏப்பம் விட்டதும் தூங்கிரும்" என்று ஒருநாள் கேட்டாள்.

"நானா?" விருமாண்டி எழுந்து உட்கார்ந்தான். "வளவுல ஆம்பளைக எல்லாம் படுத்துருக்கான். பிள்ளையத் தூக்கித் தாலாட்டுனான்னு படிப்பகத்துல சொல்லிச் சிரிக்கவா?"

படிப்பகம் என்பது அவனும் அவன் சங்கத்துத் தோழர்களும் நடத்தியது. அவர்களில் விருமாண்டிதான் நல்ல பேச்சாளன். பேப்பரை உரக்கப் படித்து, தாயத்தையும் சாமியாடியையும் பஞ்சாங்கத்தையும் அவன் கிழிக்கிற கிழியில் கூட்டம் கைதட்டும். அவன் பேசியது அத்தனையும் உண்மை. பெண்ணடிமை பற்றிக்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறான். அன்றைக்கு அவன் போட்டுக்கொண்டு போன சட்டையைத் துவைத்தவள் செல்லத்தாய். கூட்டத்துக்குப் போக அவளுக்கு நேரமில்லை.

பிள்ளையின் அழுகை பொறுக்காமல் வளவில் முணுமுணுப்பு எழுந்தது. அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் போலிருந்தது. சுந்தரம்மாள் ஒருநாள் வந்து நின்றாள்.

"ஏத்தா செல்லத்தாயி, இது மாந்தம். தர்காவுல பாத்திஹா ஓதி, கயிறு மந்திரிச்சுக் கட்டுவாக. நான் கொண்டிட்டுப் போறேன்."

விருமாண்டிக்கு வந்ததே கோபம். "கயிறா? என் பிள்ளைக்கா? பெரியாத்தா, கயிறு வயித்து வலியப் போக்குமா? அப்பறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடை ஏறுறது?"

"சரி, சாமி வேணாம், பூதம் வேணாம். ஒரு சூடு போட்டுட்டா நின்னுரும். எங்க ஆத்தா எனக்குப் போட்டா. நான் எம்புட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுருக்கேன், கேட்டுப் பாரு." சுந்தரம்மாள் சேலையை விலக்கித் தன் வயிற்றைக் காட்டினாள். தொப்புளைச் சுற்றிப் பழைய வெள்ளைத் தழும்புகள்.

விருமாண்டி யோசித்தான். இதில் சாமி இல்லை. மந்திரம் இல்லை. பூசாரிக்குத் தட்சிணை இல்லை. அவன் எதிர்த்துப் பேசிய எந்தப் பட்டியலிலும் இது வரவில்லை.

"இது நாட்டு வைத்தியம்ல. பாட்டன் பூட்டன் கண்டுபிடிச்சது" என்றான்.

"வேணாங்க!" செல்லத்தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "ஏப்பம் விட்டாத் தூங்குது. நான் பாத்துட்டேன். தோள்ல போட்டா சரியாயிரும்."

"தோள்ல போட்டா மாந்தம் போயிருமா? நீ என்ன டாக்டருக்கா படிச்ச?" என்றான். வெளியே தின்பண்டம் விற்றுக்கொண்டு போனவன்கூடக் கேட்டுச் சிரித்தான்.

அவள் விடவில்லை. "போடக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள். விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

அடுத்த வாரம் எந்திரத்தின் முன்னால் விருமாண்டி கண் அயர்ந்து, மேஸ்திரியிடம் எல்லார் முன்னாலும் அறை வாங்கினான். இன்னொரு தடவை தூங்கினால் வேலையில்லை என்றும் மேஸ்திரி சொல்லிவிட்டான். மறுநாள் காலை, செல்லத்தாய் முந்தி ஆலைக்குப் போன பிறகு, சுந்தரம்மாளைப் பார்த்து, "பெரியாத்தா, என்னமோ பண்ணுங்க. நான் ராத்திரி தூங்கணும்" என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

சுந்தரம்மாள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, விளக்குச் சுடரில் காட்டிக் காய்ச்சினாள். தொப்புளுக்கு மேலே, கீழே, இரண்டு பக்கமும் வைத்து எடுத்தாள். வளவே காதைப் பொத்திக்கொண்டது. பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதும், கடுகளவு அபினியைப் பாலில் கரைத்து ஊற்றினாள். கத்தின பிள்ளைக்குத் தூக்கம் வேண்டுமே என்ற இரக்கம்தான்.

சாயங்காலம் செல்லத்தாய் வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுவதும் தூங்கியது. பாலுக்குக்கூட விழிக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த காளை என்பவன் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "என்ன மாப்ள, நேத்து வளவே நிம்மதியாத் தூங்குச்சு! கைராசிக்காரி சுந்தரம்மா!" என்றான். விருமாண்டி பல நாளுக்குப் பிறகு முகம் மலர்ந்து தலை சீவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் செல்லத்தாய் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

அவள் போட்ட சத்தத்துக்கு முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். கூடியவர்கள் அவளைத்தான் அதட்டினார்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடுவாளாம்.

புண் பழுத்தது. காய்ச்சல் வந்தது. அவள் ஆலைக்குப் போகாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே ஆனிமேரி என்ற நர்சு துணியை விலக்கிப் பார்த்தாள்.

"யாரு போட்டது?"

"நான் இல்லாதப்ப போட்டாக."

"வயித்துல காத்து. அம்புட்டுத்தான். அதுக்கா இம்புட்டு?" ஆனிமேரி கத்தரியை மேசையில் ஓங்கிப் போட்டாள். "தோள்ல போட்டுத் தட்டிருந்தாப் போதுமே!"

"தட்டுனேம்மா" என்றாள் செல்லத்தாய். "நான் மட்டும்தான் தட்டுனேன்."

புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, தங்கப்பொண்ணு ஆஸ்பத்திரியிலேயே இறந்தது.

சங்கத்துத் தோழர்கள் வந்தார்கள். விருமாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மெதுவாகப் பேச்செடுத்தார். "தோழர், துக்கம்தான். ஆனா நாம ஊருக்கு வழி காட்டணும். சாங்கியம் சடங்கு எதுவும் இல்லாம அடக்கம் பண்ணுவோம். எல்லாரும் பாக்கட்டும்." விருமாண்டி தலையாட்டினான்.

சுவரோரம் சாய்ந்திருந்த செல்லத்தாய் எழுந்து வந்தாள். அவள் மாரில் பால் கசிந்து சேலை நனைந்திருந்தது. அதை மூடவேண்டும் என்று இன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

"சாங்கியம் இல்லாமப் பொதைக்கப் போறீகளா?" என்றாள். "சாங்கியம் பண்ணித்தானய்யா கொன்னீக. அத யாருக்குக் காட்டப் போறீக? கூட்டம் போட்டுச் சொல்லுவீகளா?"

"அது... சூடு போடுறது மதம் இல்லம்மா, அறியாமை" என்றார் அந்தத் தோழர்.

"மதம் இல்லாட்டி சுடாதா?"

கருமாந்திரமும் இல்லாமல், கூட்டமும் இல்லாமல், வைகைக் கரையோரம் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். விருமாண்டி அதற்குப் பிறகு வெகுநாள் படிப்பகத்துப் பக்கம் போகவில்லை. போனபோது ருஷ்யாவைப் பற்றிப் பேசினான். சூட்டைப் பற்றிப் பேசவில்லை. சுந்தரம்மாளை வளவில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவளிடம் பிள்ளைகளை விடாவிட்டால் மறுநாள் ஆலைக்கு யார் போவது?

உலகச் சண்டை ஆரம்பித்து அரிசி ரேஷனுக்கு வந்த காலத்தில் செல்லத்தாய்க்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வளவுக்கு வந்த அன்றைக்கே புருஷனை எதிரே உட்காரச் சொன்னாள்.

"ராத்திரியில பாதி ஒங்க தோள்ல. பால் நான் கொடுக்குறேன். ஏப்பம் நீங்க எடுக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, டி. கல்லுப்பட்டிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்ப வாரதா இல்ல."

விருமாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றான்.

முதலில் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தான். "பிள்ளைக்குப் புழுங்குது. முற்றத்துல நடங்க" என்று அவள் கதவைத் திறந்துவிட்டாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த காளை தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, பாலும் நீயே கொடுக்குறியா?"

விருமாண்டி நின்றான். பிள்ளை தோளில் நெளிந்தது. "வாய மூடிக்கிட்டுப் படுறா" என்று சொல்லிவிட்டு நடந்தான். பிள்ளையின் முதுகைத் தட்டத் தெரியாமல் முதலில் தடவினான், பிறகு தட்டினான். ஏப்பம் வந்ததும் திடுக்கிட்டு, நிலைப்படியில் நின்ற செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னொண்ணு வரும், நடங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பாதி ராத்திரி ஓய்வு கிடைத்தது. பாயில் படுத்தாள். கண்ணை மூடினாள். தூக்கம் மட்டும் வரவில்லை. அவன் நடக்கும் சத்தமும் பிள்ளை சிணுங்கும் சத்தமும் கேட்கும்வரை கொஞ்சம் அசந்திருப்பாள். பிள்ளை தூங்கி, முற்றம் அமைதியான அந்த நொடியில் விழித்துக்கொள்வாள். எழுந்து போய், பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். மூக்கடியில் விரலை வைப்பாள். மூச்சு வருவது தெரிந்தபிறகும் விரலை எடுக்கமாட்டாள்.

"தூங்குறான், செல்லத்தாயி. சும்மாதான் தூங்குறான்" என்பான் விருமாண்டி.

"தெரியும்" என்பாள். பிள்ளை கொஞ்சம் பெரியவனாகி நடக்கத் தொடங்கிய பிறகும், அவள் அவனை ராத்திரியில் எழுப்பி அழவைத்து, அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் படுத்தாள்.