அத்தை கவிழ்த்த உருளி

எங்கள் குடும்பத்தில் தேர்தலில் நின்றவர் அத்தை ஒருவர்தான். அவரைத் தோற்கடித்தவள் நான். பத்து வயதிலிருந்து வெகுகாலம் இதை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பிரிக்பீல்ட்ஸில் எங்களோடுதான் இருந்தார். கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல் கிருமியை ஆராய்வதே அவர் வேலை. மேலிடத்துக்கு எழுதி எழுதி அனுப்பியும் ஒரு குப்பைமேடுகூட நகரவில்லை என்ற கோபத்தில் வேலையை விட்டார். கிள்ளான் பக்கம் சட்டமன்றத்துக்கு நிற்கப்போவதாகச் சொன்னார். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குக் கார் ஓட்டக் கிளம்பிவிட்டார்.

வீட்டில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர் என்று தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் எட்டிப் பார்த்து, கொசுப்புழு நெளிந்தால் அத்தையைக் கூப்பிட வேண்டும். கண்டுபிடித்தால் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங். கடமையில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் பிரசாரத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அன்று பண்டமாரானில் கோவில் தலைவர் வீடு. அவர் தலையசைத்தால் அந்தத் தாமான் குடியிருப்பே அத்தைக்கு ஓட்டுப் போடும் என்று அப்பா காரிலேயே சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கக்கூடாது என்றும் சொன்னார்.

அது கல்யாண வீடு. அடுத்த வாரம் தலைவரின் மகளுக்குத் திருமணம். வாசலில் பெரிய பித்தளை உருளி நிறையத் தண்ணீர், மேலே ரோஜா இதழ்கள். பூவைத் தினமும் மாற்றியவர்கள் தண்ணீரை மாற்றவில்லை.

தலைவர் அத்தைக்கு ரோஸ் பால் கலந்த பண்டோங் கொடுத்து உபசரித்தார். "கவலப்படாதீங்க டாக்டர். நம்ம பொண்ணு நிக்குது, நாங்க பாத்துக்குறோம் லா," என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"அத்தை! புழு! நெறைய புழு!" என்று வாசலிலிருந்து கத்தினேன்.

அத்தை கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க," என்றவர் உருளியைத் தூக்கி, சாக்கடையில் ஊற்றினால் புழு பிழைத்துக்கொள்ளும் என்று வெயில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கவிழ்த்துவிட்டார்.

"கல்யாண வீட்டு வாசல்ல கவுத்துட்டீங்களேம்மா!" என்று தலைவரின் மனைவி அழுதேவிட்டார். அத்தை எவ்வளவோ விளக்கினார். தலைவர் எங்களைக் கார்வரைகூட வந்து வழியனுப்பவில்லை. அப்பா வீடு வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

அத்தை தோற்றார். அந்தத் தாமானில்தான் ஓட்டு கவிழ்ந்தது என்றார்கள். மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவரிடம், "நான் கத்தாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்கல்ல?" என்று கேட்டு அழுதேன்.

அவர் கை நின்றது.

"அழாதடி. நீ கத்துறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். செருப்பக் கழட்டும்போதே."

எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. முதலில் பார்த்தது நான்தான், பெரியவர்கள் பொய் சொல்லக்கூடாது என்று சண்டை பிடித்தேன். அத்தை என் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சரி, நீதான். நல்ல வேளை, நீ இருந்த," என்றார்.

ஜெயித்துவிட்ட பெருமையில் நான் எழுந்து ஓடினேன். செருப்பைக் கழற்றும்போதே பார்த்தவர், நான் கத்தும்வரை ஏன் பண்டோங் குடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.