முதல் பெயர்

ஜோசஃபின் எந்த ஆய்வுக் கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். மேற்கோள் நூல்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு நூலும் நிஜமாகவே உலகத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பாள். இல்லாத நூலை, இல்லாத பக்க எண்ணோடு கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழும். காக்ஸ் டவுனில் அவள் சமூகவியல் கற்பித்த கல்லூரியில் மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரெஃபரன்ஸ் மேம். பிற கல்லூரிகளும் இறுதியாண்டுக் கட்டுரைகளை மதிப்பிட அவளை அழைக்கும். கறார் என்று தெரிந்தே அழைப்பார்கள்.

அந்தக் கறாருக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பெயர் ப்ரஹ்லாத்.

எம்.ஏ. படித்தபோது, கல்யாணத்துக்கு முன், அவள் ஜோசஃபின் ஆம்ப்ரோஸ். விவேக் நகரில் வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் கோடை முழுக்க அலைந்து பேசி, ஒரு கட்டுரை எழுதினாள். வாய்மொழித் தேர்வில் இளம் பேராசிரியராக இருந்த ப்ரஹ்லாத் அதைப் புரட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இந்த இங்கிலீஷ் உன்னோடது இல்லையே. யார் எழுதிக் குடுத்தாங்க?" அவளுக்கு வாய் எழவில்லை. எழாததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, தேர்ச்சிக்கு மட்டும் போதுமான மதிப்பெண் போட்டார். ஆராய்ச்சிப் படிப்புக்குக் கிடைக்கவிருந்த இடம் போயிற்று. அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையில் அதே பெண்கள், அதே பேச்சு, அவள் வரைந்த அதே அட்டவணை வெளிவந்தன. மேலே ப்ரஹ்லாத்தின் பெயர் மட்டும் இருந்தது.

புகார் கொடுக்கப் போனவளைத் துறை அலுவலகத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிறகு பகுதி நேர வேலை, கல்யாணம், குழந்தைகள், எல்லாம் தாண்டி நாற்பது வயதுக்கு மேல் வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். எதுவும் அந்தச் சூட்டைத் தணிக்கவில்லை.

இந்த ஆண்டு ஒரு தனியார் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளித் தேர்வாளராக வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாணவர்களுக்கு வழிகாட்டியவர்: முனைவர் ப்ரஹ்லாத்.

கணவர் லாயிட் படித்துவிட்டுக் கணினியைத் தள்ளி வைத்தார். "முடியாதுன்னு எழுதிடு ஜோ. நீ நியாயமா மார்க் போட்டாலும் உன் மனசு ஒத்துக்காது."

"நியாயமாத்தான் போடப்போறேன். அதுதான் அவருக்கு ஆகாது," என்றாள். சம்மதம் என்று பதில் அனுப்பினாள்.

கட்டுரைகள் வந்ததும் அவளுக்கு விருந்து போல இருந்தது. பாதிக்கு மேல் நூல்கள் பொய். ஒரு கட்டுரையில், எழுதியவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒருவரைப் பேட்டி எடுத்ததாக இருந்தது. அத்தனைக்கும் ப்ரஹ்லாத் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்திட்டிருந்தார். கேள்விக்குறிகள் போட்டுப் போட்டுப் பென்சில் மழுங்கியது.

கடைசியாக மகா என்ற மாணவியின் கட்டுரை. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏன் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்பது பற்றியது. ஒரு பொய்யும் இல்லை. தொழிற்சாலை வாசலில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களோடு பேசி எழுதியது வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் அது கல்லூரி ஆய்விதழில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. முதல் ஆசிரியர் ப்ரஹ்லாத். மகாவின் பெயர் இரண்டாவது.

ஜோசஃபின் அந்த இதழைத் தனியே எடுத்து வைத்தாள். இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அவர் கல்லூரி முதல்வர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தாள். இதற்குக் குறைந்த மதிப்பெண் விழுந்தால் அவருக்கு வலிக்கும். போட்டாள். எழுந்து போய்த் துணி மடித்துவிட்டு வந்து பார்த்தாள். அந்த எண் அவளுக்கே ஒருமுறை போடப்பட்ட எண் போல இருந்தது. அழித்துவிட்டு, தான் இதுவரை யாருக்கும் கொடுத்திராத மதிப்பெண்ணை எழுதினாள். அவரை அடிக்க வேறு இடம் இருந்தது.

தேர்வு நாளன்று ப்ரஹ்லாத் காபியை நீட்டியபடி வரவேற்றார். தலை நரைத்திருந்தது. "வாங்க மேடம். நாம முன்னாடி எங்கயாவது மீட் பண்ணிருக்கமா?"

அவருக்கு நினைவே இல்லை. அதுதான் அவளை அதிகம் எரித்தது. "இருக்கலாம் சார்," என்றாள்.

மகாவின் முறை வந்தது. துறைத் தலைவர் ஸ்ரீஹர்ஷாவும் அறையில் இருந்தார். ஜோசஃபின் அச்சான இதழைத் திறந்து, மாணவியை விட்டுவிட்டு, வழிகாட்டியின் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது அட்டவணைல, வேலைய விட்டவங்கள ஏன் சார் ரெண்டா பிரிச்சிருக்கீங்க?"

"அத ஸ்டூடண்ட் சொல்வா மேடம்."

"முதல் ஆசிரியர் நீங்கதானே."

அவர் தாளைப் பார்த்தார். "அது ஒரு டெக்னிக்கல் விஷயம்."

"பேட்டி எங்க எடுத்தீங்க?"

"ஆடுகோடி சைடுல."

"பொம்மனஹள்ளி, சார்," என்றாள் மகா மெதுவாக. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ இத யார் எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள் ஜோசஃபின். "விவேக் நகர் வீட்டு வேலைக்காரப் பொம்பளைங்களப் பத்தி எழுதினீங்களே, அத யார் எழுதிக் குடுத்தாங்க?"

ப்ரஹ்லாத் அவள் முகத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார். தெரிந்துகொண்டார். ஸ்ரீஹர்ஷா கன்னடத்தில், "உத்தர கொடி, சார்" என்று பதில் கேட்டார். பதில் வரவில்லை. அந்த மௌனத்தை ஜோசஃபின் அவசரப்படாமல் அனுபவித்தாள்.

இல்லாத நூல்கள், செத்தவர் பேட்டி, திருடிய முதல் பெயர் எல்லாவற்றையும் ஆதாரத்தோடு அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள். கல்லூரி விசாரணை வைத்தது. இதழில் திருத்தம் வந்தது. கட்டுரை மகாவுடையதாக மட்டும் ஆயிற்று. முதல்வர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. ப்ரஹ்லாத்தை ஆய்வு வழிகாட்டும் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள்.

ஒரு ஞாயிறு, மாதா கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் மகா நின்றிருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று ஜோசஃபின் நினைத்தாள்.

"புனேல மேல்படிப்பு சீட்டுக்கு அவர்தான் சிபாரிசு எழுதறதா இருந்தார் மேம். இப்ப டிப்பார்ட்மெண்ட்ல யாரும் என்கூட முகம் குடுத்துப் பேசல. அன்னிக்கு என்கிட்ட ஒரு கேள்விகூட நீங்க கேக்கல. நான் அவ்வளவு தயார் பண்ணிட்டு வந்தேன்."

ஜோசஃபின் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். மூன்றாவது அட்டவணையைப் பற்றி அன்று கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். மகா முதலில் கோபத்தோடும் பிறகு கோபத்தை மறந்தும் பதில் சொன்னாள். சிபாரிசுக் கடிதத்தை ஜோசஃபினே எழுதினாள். புனேயில் இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண் பிறகு ஒருபோதும் அவளைக் கூப்பிடவில்லை.

மற்றக் கல்லூரிகளின் அழைப்புகளும் குறைந்துபோயின. சொந்தக் கணக்கைத் தீர்க்க வந்தவள் என்று வெளியே பேச்சு. அது பொய்யில்லை என்பதால் அவள் மறுக்கவும் இல்லை.

"அந்தப் பொண்ண நெனச்சா கஷ்டமா இல்லையா?" என்று லாயிட் ஒருநாள் கேட்டார்.

"இருக்கு."

"திரும்ப அதே மாதிரி நடந்தா, விட்டுடுவியா?"

ஜோசஃபின் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவில்லை. "அவருகிட்ட இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்," என்றாள்.