கத்தரின் போட்ட ஏழு

கத்தரினுக்கு நாற்பத்தேழு வயது. மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு வெளிநாட்டு உணவு நிறுவனத்தின் பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். முதல் பதினோரு ஆண்டுகள் பொட்டலம் கட்டும் பிரிவில் நின்றபடி வேலை. அதற்குப் பிறகு உட்கார வைத்தார்கள். சுவைக்குழுவில் சேர்க்கப்பட்டதை அவள் அப்படித்தான் சொல்வாள், “என்னை உக்கார வச்சாங்க.”

அந்தக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது முப்பது பேரை ஒவ்வொருவராக அழைத்து, மூன்று சிறு கிண்ணங்களில் எண்ணெயை ஊற்றி, எது மற்ற இரண்டிலிருந்து மாறுபட்டது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் மாறி மாறி முகர்ந்து பார்த்துவிட்டுக் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். கத்தரின் நடுக்கிண்ணத்தை எடுத்து, மூக்குக்கு அருகில் கொண்டுபோவதற்கு முன்பே கீழே வைத்துவிட்டாள். “இது பழசு” என்றாள். ஆறு முறை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆறு முறையும் சரியாகச் சொன்னாள்.

வேலை எளிது. சிவப்பு விளக்கு எரியும் சின்னத் தடுப்புக்குள் உட்கார வேண்டும். நிறம் தெரியாமலிருக்கத்தான் சிவப்பு விளக்கு. அன்று சுட்ட பிஸ்கட் ஒரு வெள்ளைத் தட்டில் வரும். கடிக்க வேண்டும், முகர வேண்டும், வெந்நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். மொறுமொறுப்பு, உப்பு, இனிப்பு, வாசனை என்று தனித்தனியாக ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட வேண்டும்.

நிறுவனத்துக்கு நான்கு விழுமியங்கள் உண்டு. நேர்மை, தரம், அக்கறை, துணிவு. உலகம் முழுவதும் அவர்களுடைய எல்லாத் தொழிற்சாலைகளிலும் இதே நான்குதான். காலைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதில் ஒன்றைச் சொல்லி, முந்தின நாள் அதை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று ஒரு நிமிடம் பேச வேண்டும். கத்தரினுக்குப் பேச வராது. ஆனால் 2019-இல் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். வெளிநாட்டுக்குப் போகவிருந்த பிஸ்கட்டில் அட்டைப்பெட்டியின் மை வாடை ஏறியிருக்கிறது என்று அவள் ஒருத்தி மட்டும் சொல்லி, இரண்டு கொள்கலன்கள் நிறுத்தப்பட்டன. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அவள் சொன்னது சரியாக இருந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் நேர்மை என்ற சொல்லுக்குக் கீழே அவள் படத்தை மாட்டினார்கள்.

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவிட் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல். தரப் பிரிவின் மேலாளர் மிஸ் யீ உட்பட அங்கே பாதிப் பேருக்கு வந்தது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வாசனை திரும்பியது. கத்தரினுக்குத் திரும்பவில்லை. நாக்கில் உப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. வாசனை மட்டும் இல்லை. சோப்பு, மீன், மழைக்குப் பிந்தைய சாலை, கணவனின் சட்டை, எதிலும் ஒன்றும் இல்லை.

சுவைக்குழு மறுபடி கூடிய அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள், இனி வாராவாரம் நிரப்ப வேண்டியது. சளி, காய்ச்சல், வாசனைக் குறைவு ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. கத்தரின் ‘இல்லை’ என்பதில் கோடு போட்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு எதுவும் நினைக்காமல் கோடு போட்டாள்.

மொறுமொறுப்புக்கு உண்மையான மதிப்பெண் போட்டாள். உப்புக்கும் இனிப்புக்கும் அப்படியே. வாசனைக்கு ஏழு. தினமும் ஏழு. ஏழு என்பது நன்றாக இருக்கிறது என்று பொருள், ஆனால் பிரமாதம் என்று பொருளில்லை. ஏழு போடுகிறவரை யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதில்லை.

கணவன் பெரியநாயகத்துக்கும் அவள் சொல்லவில்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து அவரே சமைப்பார். ஒருமுறை அடுப்பில் பால் வைத்துவிட்டு வெளியே போனார். கத்தரின் நாலடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்தபோது பாத்திரம் கறுத்துப்போய் வீடு முழுக்கப் புகை.

“என்ன கத்ரின், மூக்கு இல்லையா ஒனக்கு?”

“சளிங்க” என்றாள்.

அப்படியே இரண்டே முக்கால் ஆண்டுகள் போயின. சாப்பாடு என்பது மென்று விழுங்குகிற ஒரு காரியமாக மாறியது. கவலைப்பட்டதாகச் சொல்ல முடியாது. கவலை இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாள்.

இந்த ஆண்டு ஜனவரியில், சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரம், எட்டுப் பேர் இருக்க வேண்டிய குழுவில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். கத்தரின், புதிதாகச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெண், அடுத்த தடுப்பில் எப்போதும் உட்காரும் தினேஸ்வரி. தினேஸ்வரிக்கு இருபத்தெட்டு வயது, கூர்மையானவள். அன்று வந்த பிஸ்கட்டின் வாசனைக்கு அவள் நான்கு போட்டிருந்தாள். மலாய்ப் பெண் ஆறு. கத்தரின் ஏழு.

மிஸ் யீ தாளைப் பார்த்துவிட்டு மூவரையும் கூப்பிட்டார். கத்தரினை அவர் ‘கேட்’ என்றுதான் கூப்பிடுவார். அவளிடம் மலாயில் கேட்டார், “கேட், உன் மூக்கைத்தான் நம்புறேன். நீ என்ன சொல்றே?”

“ஓகே லா, மிஸ்.”

தினேஸ்வரி தயங்கினாள். “எனக்கு லேசா எண்ணெ வாட தெரிஞ்சிச்சு. ஆனா அக்கா ஓகேன்னா ஓகேதான். காலையில நாசி லெமாக் சாப்ட்டு வந்தேன், அந்தத் தேங்காப்பால் வாடையா இருக்கும்.” தன் நான்கை அடித்து ஆறு என்று எழுதினாள். பிஸ்கட் தேறியது.

அந்தப் பிஸ்கட்டில் ஒரு பகுதி கடைக்குப் போகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் ‘அக்கறை நாள்’ நடத்தும். ஊழியர்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு எங்காவது போய் உணவுப்பெட்டி கொடுப்பார்கள். இந்த ஆண்டு சுங்காய்க்கு அருகிலுள்ள ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை வைத்து முப்பது ஆண்டாகிறது, ஆனாலும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருபத்தாறு குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கத்தரின் பிறந்தது அங்கேதான். பதினான்கு வயதில் அப்பாவுக்கு ஈப்போவில் வேலை கிடைத்ததும் கிளம்பியவள்.

இது எப்படியோ தலைமையகத்துக்குத் தெரிந்துவிட்டது. அங்கே செய்தித் தொடர்புப் பிரிவில் இருக்கும் நைஜல் என்ற இளைஞன் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டான். “ஆன்ட்டி, நீங்க கண்டிப்பா வரணும். உங்க தோட்டத்துக்கு உங்க கையாலயே குடுக்குறீங்க. அத வச்சுத்தான் இந்த வருஷ ரிப்போர்ட்டே.”

“வாரேன்” என்றாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேருந்தும் ஒரு லாரியும் போயின. லாரி லயத்துக்கு முன்னால் வெயிலில் நின்றது. நைஜல் ஓடியாடி ஏற்பாடு செய்தான். கத்தரினை ஒரு வீட்டு வாசலில் நிற்க வைத்து, இருளாயிக்குப் பெட்டி கொடுக்கும்படி சொன்னான். இருளாயிக்கு அறுபது இருக்கும். முன்பு கத்தரின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தாள்.

“அந்தோணி மக கத்ரீனா நீ? எம்மாங் குண்டாயிட்ட!”

படம் எடுத்தார்கள். இருவரும் சிரித்தது சரியாக விழவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். பிறகு இருளாயி வந்தவர்களுக்குத் தேநீர் போட்டாள். வீட்டில் வேறு எதுவும் இல்லாததால் பெட்டியை அங்கேயே பிரித்து, பிஸ்கட்டைத் தட்டில் கொட்டினாள். ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“என்னாடி இது, சிக்கு வாட அடிக்குது?”

கத்தரின் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். மாவுத்துகள் மூக்கில் பட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த தினேஸ்வரியும் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். உடனே கீழே வைத்தாள். கத்தரினைப் பார்த்தாள்.

“தாப்பா லா, பரவால்ல” என்றாள் இருளாயி. “டீயில முக்குனா தெரியாது. சின்னப் புள்ளைங்க சாப்புடும்.”

எதிர்வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள். கத்தரின் எழுந்து நைஜலிடம் போனாள்.

“தம்பி, இத திருப்பி எடுத்துக்கணும். எண்ணெ கெட்டுப் போயிருக்கு.”

நைஜலுக்குப் புரியவில்லை. “ஆன்ட்டி, இது பாஸ் ஆன ஸ்டாக். பேப்பர்ல உங்க கையெழுத்தே இருக்கு.”

“எனக்கு வாசன தெரியாது. மூணு வருஷமா தெரியாது. சும்மா போட்டேன்.”

அதைச் சொன்னபோது யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல்தான் இருந்தது என்று பின்னால் சொன்னாள். நைஜல் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தான். அதற்குள் தினேஸ்வரி மிஸ் யீக்குத் தொலைபேசி போட்டுவிட்டாள். மிஸ் யீ ஒரே ஒரு கேள்வி கேட்டார், எவ்வளவு பேர் சாப்பிட்டார்கள் என்று. பிறகு, ஒரு பொட்டலம் பாக்கியில்லாமல் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது லேசான வேலை இல்லை. நீலச் சட்டைக்காரர்கள் பாதிப் பேர் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கத்தரினும் தினேஸ்வரியும் நைஜலும் வீடு வீடாகப் போனார்கள். கதவைத் தட்டினால், இன்னும் ஏதோ கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே திறந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விடும். சிலர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். ஓர் இளம் தாய், “முழுசாத் தின்னாச்சு” என்றாள். அவளுக்குப் பின்னால் கட்டிலுக்கு அடியில் பெட்டி தெரிந்தது. தினேஸ்வரி குனிந்து அதை இழுத்தாள். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

இருளாயி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“போட்டோ எடுத்தாச்சுல்ல, அப்பறம் என்னா?”

“அதுக்கில்லக்கா. கெட்டுப்போச்சு.”

“நான்தானே மொதல்ல சொன்னேன்? தெரிஞ்சுதானே வச்சுக்கிறேன். ஒனக்கு என்னா?”

கத்தரின் பெட்டியை எடுத்துக்கொண்டாள். தட்டில் இருந்ததையும் ஒரு பையில் கொட்டிக்கொண்டாள். ஆறவிட்ட தேநீர் அப்படியே இருந்தது.

யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு நாள் வயிற்றுவலி. நிறுவனம் செய்ய வேண்டியதை எல்லாம் முறைப்படி செய்தது. கடைகளுக்குப் போயிருந்த அதே பிஸ்கட்டைத் திரும்பப் பெற்றார்கள். எண்ணெய்த் தொட்டி ஒன்று சரியாகக் கழுவப்படாததைக் கண்டுபிடித்தார்கள். பதினாறு நாளில் லயத்துக்குப் புதிய பெட்டிகள் போயின. இந்த முறை படம் எடுக்கவில்லை.

கத்தரினை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மிஸ் யீயும் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவரும் இருந்தார்கள்.

“ஏன் சொல்லலை கேட்? சொல்லியிருந்தா வேற வேலை குடுத்திருப்போமே” என்றார் மிஸ் யீ. அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

“தெரியல மிஸ்.”

அது உண்மை. மறுபடி நிற்கும் வேலைக்கு அனுப்புவார்கள் என்ற பயம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அதுவே காரணம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சுவைக்குழுவிலிருந்து நீக்கி மூன்றாம் பிரிவில் பொட்டலம் கட்டப் போட்டார்கள். காது மூக்கு மருத்துவரிடம் நிறுவனச் செலவில் அனுப்பினார்கள். கடைசியாக மனிதவளக்காரர் கொஞ்சம் தயங்கிக் கேட்டார். நடந்ததை, பெயர் சொல்லாமல், புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடமாகக் காட்டலாமா? துணிவு என்ற தலைப்பில்.

“காட்டிக்கோங்க” என்றாள். சாப்பாட்டுக்கூடத்துப் படத்தை எடுத்துவிடுவார்களா என்று அவர்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப, போன வாரம் நான் வச்ச மீன் கறி?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“முள்ளெல்லாம் எடுத்துத்தானே வச்சிருந்தீங்க.”

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா” என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

மருத்துவர் ஒரு நம்பிக்கையும் கொடுக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் என்று நான்கு எண்ணெய்க் குப்பிகளை வாங்கி, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகரச் சொன்னார். முகரும்போது அந்த வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டுமாம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

பெரியநாயகம் குப்பிகளை வாங்கி வந்தார். காலை ஐந்தரைக்குப் பேருந்து எடுக்கக் கிளம்புமுன் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து அவளிடம் நீட்டுவார். “இது எலுமிச்ச” என்பார். அவள் கண்ணை மூடி இழுப்பாள். “ஒண்ணுமில்ல” என்பாள். அவர் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார். அதன் பிறகு அவள் வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவாள். கால் வலிக்கிறது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

எட்டு மாதமாகிறது. போன வாரம் கிராம்புக் குப்பி தீர்ந்துவிட்டது. அவர் வேறொன்று வாங்கி வந்து வைத்திருக்கிறார்.